பின்லாந்து விமானப்படைக் கொடியின் ஸ்வஸ்திகா எந்த விமானத்தில் வந்தது? ஸ்வீடனின் முதல் விமானத் தொழிற்சாலை பற்றி ஒரு விளக்கம்

பின்லாந்து விமானப்படை தன் படைப்பிரிவுக் கொடிகளில் எஞ்சியிருக்கும் ஸ்வஸ்திகாவை நீக்கப்போகிறது என்று 2025இல் செய்தி வந்தது. தலைமையகச் சின்னத்திலிருந்து 2017லேயே சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அது வெளியே தெரிய மூன்று ஆண்டுகள் ஆயின. 2023இல் நேட்டோவில் சேர்ந்த பிறகு, கூட்டாளி நாடுகளின் அதிகாரிகள் முன்னால் இந்தக் கொடியைப் பிடிப்பது சங்கடமாகிவிட்டது.

செய்தியைப் படித்த பலருக்கும் ஒரே குழப்பம். ஹிட்லருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? 1918இல் ஒரு ஸ்வீடன் பிரபு நன்கொடையாகக் கொடுத்த விமானத்தில் அந்தச் சின்னம் இருந்தது என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுச் செய்திகள் முடிந்துவிட்டன. ஆனால் 1918இல், 60 லட்சம் பேர்கூட இல்லாத, உலகப்போரிலேயே கலந்துகொள்ளாத ஸ்வீடனில் விமானம் செய்யும் தொழிற்சாலை எப்படி வந்தது? அந்தத் தொழிற்சாலை இன்று ஏன் இல்லை? இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள லாண்ட்ஸ்க்ரோனா என்ற சிறிய துறைமுக ஊர்.

முதலில் கொடி விவகாரத்தை முடித்துவிடுவோம்

பின்லாந்து 1917 டிசம்பரில் ரஷ்யாவிடமிருந்து பிரிந்து விடுதலை அறிவித்தது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர். ஒருபக்கம் 'செம்படை', மறுபக்கம் மன்னர்ஹைம் தலைமையிலான 'வெண்படை'. ஸ்வீடன் அரசு ஒதுங்கி நின்றது; ஆனால் ஸ்வீடனில் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் பலர் வெண்படைக்கு ஆதரவு. அவர்களில் ஒருவர் எரிக் ஃபொன் ரோசன் என்ற பிரபு. அவர் லாண்ட்ஸ்க்ரோனாவில் செய்த துலின் டி என்ற விமானத்தை வாங்கினார். 1918 மார்ச் 6 அன்று லெப்டினன்ட் நில்ஸ் கிண்ட்பெர்க் அதை ஓட்ட, ஃபொன் ரோசன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஸ்வீடனின் உமெயோவிலிருந்து கடலைக் கடந்து பின்லாந்தின் வாசா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நாள்தான் இன்றும் பின்லாந்து விமானப்படையின் பிறந்தநாள்.

ஃபொன் ரோசன் இளமையிலிருந்தே ஸ்வஸ்திகாவை அதிர்ஷ்டச் சின்னமாகக் கருதியவர். பழைய ஸ்காண்டிநேவியக் கல்வெட்டுகளில் அவர் பார்த்த வடிவம் அது. விமானத்தின் இறக்கையில் நீல நிறத்தில் அதை வரையச் சொன்னார். மன்னர்ஹைம் அதையே விமானப்படையின் அடையாளமாக அறிவித்தார். ஜெர்மனியின் நாஜிக் கட்சி ஸ்வஸ்திகாவைக் கையில் எடுத்தது 1920இல்தான். எனவே பின்லாந்து அவர்களைப் பார்த்துச் செய்யவில்லை. இருந்தாலும் ஃபொன் ரோசனை முழுக்க அப்பாவியாக்கவும் முடியாது. நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹெர்மன் கோரிங் பிற்பாடு இவருடைய மனைவியின் தங்கையை மணந்தார். ஃபொன் ரோசனும் ஸ்வீடனின் தேசிய சோஷலிச வட்டாரங்களோடு உறவாடியவர்தான்.

அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் பறந்ததற்காகக் கிண்ட்பெர்குக்கு ஸ்வீடன் 100 குரோனர் அபராதம் போட்டது. ஒரு நாட்டின் விமானப்படையைத் தொடங்கிவைத்ததற்கு இது மலிவுதான்.

இனி அந்த 'துலின்' யார் என்று பார்ப்போம்.

ஸ்வீடனுக்கு விமானம் வந்த விதம்

பிரெஞ்சுக்காரர் லூயி ப்ளேரியோ 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 29 அன்று, இன்னொரு பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் லெகான்யூ ஸ்டாக்ஹோமில் வுவாசான் விமானத்தில் பறந்து காட்டினார். ஸ்வீடன் மண்ணிலிருந்து எஞ்சின் விமானம் எழும்பியது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு கார்ல் சேடர்ஸ்ட்ரோம் என்ற பிரபு விமானி உரிமம் பெற்ற முதல் ஸ்வீடன்காரரானார். 'பறக்கும் பிரபு' என்று பெயர் வாங்கியவர்.

இவர்கள் எல்லாம் வாங்கிய விமானத்தில் பறந்தவர்கள். செய்ய முயன்றவர்கள் லாண்ட்ஸ்க்ரோனாவில் இருந்தார்கள். ஆஸ்கர் ஆஸ்க் என்ற பொறியாளரும், யால்மர் நியூரோப் என்ற படகு கட்டுபவரும் சேர்ந்து 1910இல் ப்ளேரியோ மாதிரியை ஒட்டி ஒரு விமானம் செய்தார்கள். அதற்கு 'வெட்டுக்கிளி' என்று பெயர். படகுக்காரர் எதற்கு என்று கேட்கலாம். அன்றைய விமானத்தின் உடல் என்பது மரச்சட்டம், இழுத்துக் கட்டிய கம்பி, மேலே போர்த்திய துணி. மெல்லிய மரத்தை வளைக்கத் தெரிந்தவனுக்கு முக்கால்வாசி வேலை தெரியும். ஸ்வீடன் கடற்படைக்கு 1911இல் கிடைத்த முதல் விமானமும் நியூரோப்பின் பட்டறையில் உருவான ப்ளேரியோ வகைதான். அதுகூட அரசு காசு கொடுத்து வாங்கியதல்ல. ஒரு வணிகர் கொடுத்த நன்கொடை. தரைப்படையின் முதல் விமானமும் மறுவருடம் நன்கொடையாகவே வந்தது. நன்கொடையை நம்பி ஒரு தொழில் எத்தனை நாள் ஓடும்?

படகுப் பட்டறையிலிருந்து தொழிற்சாலை

எனோக் துலின் 1881இல் ஸ்கோனே மாகாணத்தின் சிம்ரிஸில் பிறந்தவர். 1912இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு பிரான்ஸில் பறக்கக் கற்று விமானி உரிமமும் வாங்கினார். கணக்கும் தெரியும், பறக்கவும் தெரியும், பணம் திரட்டவும் தெரியும். மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது அன்றைய ஐரோப்பாவிலேயே அபூர்வம்.

1913இல் ஆஸ்குடன் சேர்ந்து 'ஸ்கோனே விமானத் தளம்' என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1914இல் முழுவதும் துலின் கைக்கு வந்து, 'எனோக் துலின் விமானத் தொழிற்சாலை' என்று பெயர் மாறியது. முதலில் செய்த துலின் ஏ என்பது ப்ளேரியோ 11. அடுத்து வந்த துலின் பி, மொரான்-சோல்னியே நிறுவனத்தின் ஒற்றை இறக்கை விமானம். பின்லாந்துக்குப் போன துலின் டியும் அதே நிறுவனத்தின் 'பாராசோல்' வகையை ஒட்டியது. பாராசோல் என்றால் இறக்கை உடலோடு ஒட்டாமல், கால்கள் வைத்து விமானியின் தலைக்கு மேலே நிற்பது. கீழே பார்க்க எதுவும் மறைக்காது என்பதால் உளவு பார்க்கத் தோதானது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் துலின் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நன்றாகப் பறக்கிறது என்று ஏற்கெனவே நிரூபணமான பிரெஞ்சு விமானங்களை எடுத்து, அதையே ஒழுங்காகத் திரும்பச் செய்யக் கற்றார். சொந்த வடிவமைப்புக்கு அப்புறம்தான் போனார். அவற்றில் பேர் வாங்கியது 1917இல் வந்த துலின் கே. ஸ்வீடன் ராணுவம் அதில் இரண்டை மட்டுமே எடுத்துக்கொண்டது; பெரும்பாலானவை டச்சுக் கடற்படைக்குப் போயின. தன் விமானத்தின் சிறந்த வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தார் என்பது, பின்னால் நடக்கப்போவதற்கு ஒரு முன்னறிவிப்பு.

தொழிற்சாலையோடு யுங்பிஹேடில் ஒரு பறத்தல் பள்ளியும் நடத்தினார். ஸ்வீடனின் முதல் பெண் விமானி எல்சா ஆண்டர்சன் அங்கே படித்து 1920இல் உரிமம் பெற்றவர். பிறகு பாராசூட் வித்தைக்குப் போய், 1922 ஜனவரியில் ஆஸ்கர்சுண்டில் குதித்தபோது உயிரிழந்தார்.

நடுநிலை எப்படிச் சந்தையானது?

முதல் உலகப்போரில் ஸ்வீடன் எந்தப் பக்கமும் சேரவில்லை. போரில் இல்லாத நாட்டில் ராணுவ விமானத் தொழில் படுத்துவிடும் என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு. காரணங்களை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

1. வாங்கும் வழி அடைபட்டது. 1914 ஆகஸ்ட் வரை விமானம் வேண்டுமென்றால் பாரிஸுக்கோ பெர்லினுக்கோ எழுதினால் போதும். போர் மூண்டதும் இரண்டு பக்கமும் தங்கள் விமானங்களைத் தாங்களே வைத்துக்கொண்டன.

2. தேவை மட்டும் கூடியது. நடுநிலை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று பொருளில்லை. தன் கடல் எல்லைக்குள் யார் நுழைகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் தடுக்கவும் முடியும் என்று காட்ட வேண்டும். அதற்கு விமானம் வேண்டும்.

3. இதே நிலைமை சுற்றியுள்ள நாடுகளுக்கும். டென்மார்க், நார்வே, நெதர்லாந்து மூன்றும் நடுநிலை நாடுகள். மூன்றுக்கும் வாங்க இடமில்லை. ஸ்வீடனில் ஒருவர் செய்கிறார் என்றால் அவரிடம்தான் வர வேண்டும்.

இந்தச் சூழலில் உரிமம், நகல் என்ற கோடெல்லாம் மங்கிப்போனது. உரிமத் தயாரிப்பு என்றால், வடிவமைத்தவருக்குப் பணம் கொடுத்து, அவருடைய வரைபடங்களை வாங்கி, அவர் அனுமதியோடு செய்வது. நகல் என்றால், கையில் கிடைத்த ஒன்றைப் பிரித்து, அளந்து, அதைப் பார்த்துச் செய்வது. 1914இல் பறந்து காட்டுவதற்காக ஸ்வீடன் வந்த ஜெர்மன் ஆல்பட்ராஸ் விமானம் ஒன்று, போர் வந்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டது. ஸ்வீடனின் பல பட்டறைகள் அதை அளந்து நகலெடுத்தன. சேடர்ஸ்ட்ரோம் பிரபு சம்பந்தப்பட்ட நிறுவனமும் அவற்றில் ஒன்று. துலின் டி போவதற்குச் சில நாள் முன்பு, 1918 பிப்ரவரியில், வெண்படைக்குப் போன முதல் நன்கொடை விமானமே அந்த நிறுவனத்தின் ஆல்பட்ராஸ்தான். ஆனால் பிறந்தநாள் பெருமை துலினுக்குப் போய்விட்டது. சேடர்ஸ்ட்ரோம் அதே ஆண்டு ஜூனில், பின்லாந்துக்கு இன்னொரு விமானத்தைக் கொண்டுபோகும் வழியில் கடலில் விழுந்து இறந்தார்.

போர் முடியும்போது துலினிடம் பல நூறு பேர் வேலை பார்த்தார்கள். செய்து முடித்த விமானங்கள் நூற்றுக்குக் கொஞ்சம் குறைவு. செய்த எஞ்சின்கள் அதைவிடப் பல மடங்கு. என் கணிப்பில் துலினைப் புரிந்துகொள்ள விமானங்களின் எண்ணிக்கையைவிட எஞ்சின்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

சுழலும் எஞ்சின் என்றால் என்ன?

மரச்சட்டமும் துணியும் எங்கும் செய்யலாம். எஞ்சின் அப்படியில்லை. அன்றைய சிறிய விமானங்களுக்குப் பொருத்தமான எஞ்சின் 'சுழல் எஞ்சின்'. துலின் ஏ எஞ்சின் (விமானத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரே எழுத்தை வைத்துப் படிப்பவரைக் குழப்புவது அவர்களுடைய வழக்கம்) பிரெஞ்சு லெ ரோன் 9சி எஞ்சினின் ஸ்வீடன் வடிவம். 9 சிலிண்டர், 80, 90 குதிரைசக்தி.

சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்கும். நடுவிலுள்ள தண்டு சுற்றும். சுழல் எஞ்சினில் தண்டு விமானத்தோடு முடுக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றி ஒன்பது சிலிண்டர்களும் முன்னாலுள்ள காற்றாடியோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். நம் வீட்டு ஆட்டுக்கல்லில் கல் நிற்க, குழவி சுற்றுகிறது. கிரைண்டரில் குழவிக்கல் நிற்க, பாத்திரம் சுற்றுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதனால் என்ன லாபம்? சிலிண்டர்கள் நிமிடத்துக்கு 1,200 சுற்றுபோல் சுற்றுவதால், விமானம் தரையில் நிற்கும்போதுகூடக் காற்றுப் பட்டுக் குளிர்கின்றன. தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம். எஞ்சினே கனமான சக்கரமாகச் சுற்றுவதால் அதிர்வைச் சமப்படுத்தத் தனியாகச் சக்கரமும் வேண்டாம். எடை குறைகிறது. எடைதான் அன்றைய விமானத்தின் முதல் எதிரி.

சிக்கல்களும் அதே சுழற்சியிலிருந்துதான் வந்தன. அவ்வளவு எடை மூக்கில் சுற்றும்போது விமானம் ஒரு பக்கம் சட்டென்று திரும்பும், மறுபக்கம் முரண்டுபிடிக்கும். எண்ணெய்க் கதை இன்னும் வேடிக்கை. பெட்ரோல் கலவை எஞ்சினின் நடு அறை வழியாகவே சிலிண்டருக்குப் போகிறது. மசகு எண்ணெயும் அங்கேதான் இருக்கிறது. கனிம எண்ணெய் போட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் ஒன்று வேண்டும். அதுதான் ஆமணக்கு எண்ணெய். ஆம், நம் ஊர் விளக்கெண்ணெய். அதுவும் ஒருமுறை உள்ளே போனால் திரும்பி வராது. பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே தெறித்துக்கொண்டே இருக்கும். திறந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் விமானியின் முகத்தில் படும், மூக்கில் ஏறும். விளக்கெண்ணெயை உள்ளே விட்டால் வயிறு என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதை அனுப்பிய முதன்மை நாடு இந்தியா. கடல்வழி பிரிட்டன் கையில் இருந்தது. முற்றுகையில் மாட்டிய ஜெர்மனிக்கு அது கிடைக்கவில்லை. மாற்று எண்ணெய் ஊற்றிப் பார்த்து, சுழல் எஞ்சின்கள் சீக்கிரம் சூடாகிப் பழுதாயின. ஒரு எஞ்சினின் ஆயுள் அதன் உலோகத்தோடு நிற்பதில்லை, எண்ணெய் வரும் கப்பல் பாதையையும் பொறுத்தது.

இப்படிப்பட்ட எஞ்சினைச் செய்ய நல்ல எஃகு வேண்டும், துல்லியமான கடைசல் வேண்டும், தரமான உருளைத் தாங்கிகள் வேண்டும். இதில் ஸ்வீடனுக்கு வசதி இருந்தது. எஃகுக்கு அந்த நாடு பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்றது. பந்துத் தாங்கிகளுக்கு உலகப் பெயர் வாங்கிய எஸ்கேஎஃப் 1907இல் கோதன்பர்க்கில் தொடங்கியது. வெளிநாட்டு வடிவமைப்பும் உள்நாட்டு எஃகும் சேர்ந்ததில் துலினின் எஞ்சின் தொழில் நின்றது.

விழுந்தது ஏன்?

1919 மே 14. துலின் தன் துலின் கே விமானத்தில் லாண்ட்ஸ்க்ரோனாவுக்கு மேலே சாகசம் செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். வயது 37. 1920இல் நிறுவனம் திவாலானது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முதலாளி போனதால் நிறுவனம் போனது என்று தோன்றும். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தாலும் அந்த நிறுவனம் அதே வடிவில் தப்பியிருக்காது.

1. ஆர்டர் நின்றது. 1918 நவம்பரில் போர் முடிந்ததும், மேலே சொன்ன மூன்று காரணங்களும் ஒரே நாளில் காலாவதியாயின.

2. உபரி விமானங்கள் வெள்ளமாக வந்தன. பிரிட்டனும் பிரான்ஸும் போருக்காகச் செய்து குவித்தவற்றை வந்த விலைக்குத் தள்ளின. புதிதாகச் செய்து அந்த விலைக்கு விற்க யாராலும் முடியாது. போரில் ஆயிரக்கணக்கில் விமானம் செய்த பிரிட்டனின் சோப்வித் நிறுவனமே 1920இல் மூடப்பட்டது. துலின் எம்மாத்திரம்?

3. சுழல் எஞ்சினின் காலம் முடிந்தது. சக்தியைக் கூட்டக் கூட்ட, சுற்றும் சிலிண்டர்கள் காற்றைக் கடைவதிலேயே சக்தி வீணானது. ஓர் அளவைத் தாண்டி அதில் போக வழியில்லை. சிலிண்டர்கள் அசையாமல் நிற்கும் ஆர வடிவ எஞ்சின்கள் அந்த இடத்தைப் பிடித்தன. துலினின் பெரிய சொத்தே எஞ்சின் தொழில். அந்தச் சொத்து மதிப்பிழந்தது.

மூன்றாவதுதான் ஆழமான காயம் என்பது என் கருத்து. ஆர்டர் திரும்ப வரலாம், உபரியும் ஒருநாள் தீரும். ஆனால் நகலெடுத்து வளர்ந்த நிறுவனத்திடம், நகலெடுத்த பொருள் காலாவதியானால் அடுத்து என்ன செய்வது என்பதற்குப் பதில் இருப்பதில்லை. அதற்கு ஆராய்ச்சி வேண்டும். அமைதிக் காலத்திலும் காத்திருந்து வாங்கும் வாடிக்கையாளர் வேண்டும். ஸ்வீடன் அரசு அந்த வாடிக்கையாளராக இருக்க அன்று தயாரில்லை.

திவாலான நிறுவனம் 'துலின் ஆலை' என்ற பெயரில் மறுபடி எழுந்து கார் செய்யப் பார்த்தது. பெர்லினின் ஏஜிஏ காரை ஒட்டி, துலின் ஏ என்ற அதே பெயரில் சுமார் 300 கார்கள் வந்தன. 1920களின் பிற்பகுதியில் துலின் பி என்று இன்னொன்று, அது விரல்விட்டு எண்ணும் அளவோடு நின்றது. 1927இல் கோதன்பர்க்கில் வோல்வோ தன் முதல் காரை வெளியே விட்ட பிறகு, இந்தக் கார்களைக் கேட்க ஆளில்லை.

இடையில் வந்த ஜெர்மானியர்கள்

1919இல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி ராணுவ விமானம் செய்வதைத் தடுத்தது. தடை ஜெர்மனி மண்ணுக்குத்தான். ஜெர்மானியர்கள் பக்கத்து நாட்டுக்குப் போய்ச் செய்தால்? கார்ல் கிளெமென்ஸ் பியூக்கர் 1921இல் ஸ்டாக்ஹோமை ஒட்டிய லிடிங்கோவில் 'ஸ்வென்ஸ்கா ஏரோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஹைன்கெல் என்ற ஜெர்மானியர் வடிவமைத்த கடல் விமானங்களை ஸ்வீடன் கடற்படைக்குச் சேர்த்துக் கொடுத்தார். யுங்கர்ஸ் என்ற ஜெர்மன் விமான நிறுவனம் 1925இல் மால்மோவை ஒட்டிய லிம்ஹாமில் தன் கிளையைத் திறந்தது. ஜெர்மனிக்கு ஒரு புகலிடம். ஸ்வீடனுக்கு நவீனத் தொழில்நுட்பம். யார் யாரைப் பயன்படுத்தினார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஸ்வென்ஸ்கா ஏரோ 1932இல் ஏஎஸ்ஜேஏ என்ற லின்ஷோப்பிங் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஏஎஸ்ஜேஏ அடிப்படையில் ரயில்பெட்டி செய்யும் நிறுவனம். பியூக்கர் ஜெர்மனிக்குத் திரும்பிப்போய், பின்னாளில் உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்பட்ட யுங்மான் விமானத்தைச் செய்தார்.

அரசு வாடிக்கையாளராக மாறியபோது

1936இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் விமானப்படையைப் பெருக்க முடிவு செய்தது. அதற்காக 1937இல் ட்ரோல்ஹெட்டானில் சாப் நிறுவனம் உருவானது. 1939இல் ஏஎஸ்ஜேஏவையும் சேர்த்துக்கொண்டு, மையம் லின்ஷோப்பிங்குக்கு மாறியது. இன்று கிரிப்பன் போர்விமானம் செய்யும் சாப் இதுதான். துலினிலிருந்து சாபுக்கு நேரான நிறுவன வாரிசுரிமை எதுவும் கிடையாது. மாறியது ஏற்பாடு. துலின் தானே செய்து, தானே வாங்குபவரைத் தேடினார். சாபுக்கு வாங்குபவர் முதலிலேயே நின்றார், இவ்வளவு ஆண்டுகளுக்கு இவ்வளவு வேண்டும் என்ற கணக்கோடு.

அப்படியும் 1914இன் நிலைமை 1940இல் அப்படியே திரும்ப வந்தது. அமெரிக்காவில் ஆர்டர் செய்து பணமும் கட்டிய 120 செவர்ஸ்கி போர்விமானங்களில் 60 மட்டுமே வந்தன. 144 வல்ட்டி விமானங்களில் ஒன்றுகூட வரவில்லை. அமெரிக்கா ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. சாபுக்குக் கைநிறைய வேலை இருந்ததால், போ லுண்ட்பெர்க் என்ற பொறியாளர் தலைமையில் தனி ஏற்பாடு செய்து, எஃகுச் சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகை போர்த்திய ஜே 22 என்ற போர்விமானத்தை உருவாக்கினார்கள். உதிரிப்பாகங்களை நாடெங்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் செய்து கொடுத்தன. 198 விமானங்கள் வந்தன. எஞ்சின்? அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப். உரிமம் இல்லை, கையிலிருந்ததைப் பிரித்து அளந்து செய்தார்கள்.

உடல் சொந்தம், எஞ்சின் இரவல்

இதுதான் அந்த நாட்டின் தீராத சிக்கல். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சாப் செய்த ஜெட் விமானங்களின் வடிவமைப்பை உலகமே வியந்தது. ஆனால் உள்ளே இருந்த எஞ்சின்களின் பட்டியலைப் பாருங்கள்:

1. துன்னான்: பிரிட்டனின் டி ஹாவிலண்ட் கோஸ்ட்
2. லான்சன், டிராக்கன்: பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் ஏவன்
3. விக்கன்: அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி ஜேடி8டி
4. முதல் கிரிப்பன்: அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் எஃப்404
5. கிரிப்பன் இ: அதே நிறுவனத்தின் எஃப்414

பெரும்பாலும் ஸ்வீடனிலேயே, உரிமத்தோடு, தங்கள் தேவைக்கேற்ப நிறைய மாற்றிச் செய்தவைதான். சொந்த ஜெட் எஞ்சினும் முயன்றார்கள். டோவெர்ன் என்ற அந்த எஞ்சின் சோதனைவரை போய், 1952இல் ஏவனுக்காகக் கைவிடப்பட்டது. செலவுக் கணக்கில் அது சரியான முடிவுதான். ஒரு சிறிய நாட்டால் விமானத்தையும் எஞ்சினையும் ஒரே நேரத்தில் உலகத் தரத்தில் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எஞ்சினின் உரிமம் யாரிடம் இருக்கிறதோ, அந்த விமானத்தை யாருக்கு விற்கலாம் என்று சொல்லும் அதிகாரமும் அவரிடம் இருக்கும்.

இதை நேரில் அனுபவித்தது இந்தியா. 1970களில் எதிரி எல்லைக்குள் ஆழமாகப் போய்த் தாக்கும் விமானம் ஒன்றை இந்திய விமானப்படை தேடியது. பிரிட்டன்-பிரான்ஸ் கூட்டுத் தயாரிப்பான ஜாகுவார், பிரான்ஸின் மிராஜ் எஃப்1, ஸ்வீடனின் விக்கன் ஆகியவை போட்டியில் இருந்தன. 1978இல் விக்கனின் எஞ்சினுக்கு ஏற்றுமதி அனுமதி தர அமெரிக்கா மறுத்துவிட்டது. விற்பவர் ஸ்வீடன், வாங்குபவர் இந்தியா, வேண்டாம் என்று சொன்னது மூன்றாவது நாடு. இந்தியா ஜாகுவாரை எடுத்தது. பெங்களூரு எச்ஏஎல் அதைப் பிறகு உரிமத்தோடு செய்தது. விக்கன் கடைசிவரை ஸ்வீடன் விமானப்படையைத் தவிர வேறு எந்த நாட்டுக்கும் விற்கவில்லை.